புதன்கிழமை ஆறு மணி

“அழைப்பில் இருப்பவரை எந்த நிலையிலும் விட்டு விலகாதவர். தொடர்பைத் துண்டிக்க அவசரப்படாதவர். இடைவிடாத நெருக்கத்துக்கு முன்மாதிரி.”

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்று தன் கட்டுப்பாட்டு அறை ஊழியருக்குப் பதினோரு வருடமாக, எழுத்து மாறாமல் கொடுத்துவரும் மதிப்பீடு இது. அதைப் படித்த அவருடைய சொந்த அக்காவுக்குச் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது.

“கல்யாணமாகி ஒண்ணரை வருஷத்துல, சொல்லாமக் கொள்ளாமப் பெட்டியத் தூக்கிட்டு வந்தவ நீ. உனக்கு இந்த சர்டிபிகேட்டா? உங்க கம்பெனில ஆள் யாருன்னு விசாரிக்கவே மாட்டாங்களாடி?”

மெக்கானிக்குகள் அவரை ‘லைன் அக்கா’ என்பார்கள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த, இவர் பேசுவார். கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார். முகம் தெரியாதவர்களின் விவாகரத்து, மூட்டுவலி, மாமியார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முகம் தெரிந்தவர்களிடம்தான் சிக்கல்.

நாற்பதாவது வயதில் வாசிப்புக் கண்ணாடி வாங்கப் போனார். கடைக்காரர், “சரியா தெரியுதா?” என்று மூன்று முறை போன் செய்தார். நான்காவது முறை கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றரை வருடமாகியும் இருவரும் இன்னும் வாங்க, போங்கதான்.

நெருங்க நெருங்கப் பயப்படுகிறவர், விலக விலகப் பயப்படுகிறவர் என்று உளவியலில் இரண்டு வகை சொல்வார்கள். ஊரில் இத்தனை பேர் இருக்க, இந்த இரண்டு வகையும் ஒன்றையொன்று எப்படித்தான் தேடிப் பிடிக்கின்றனவோ! ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிரித்துப் பேசியிருந்தால், திங்கட்கிழமை லைன் அக்காவுக்குக் கண்ணாடிக்காரர் மெல்லுகிற சத்தம் தாங்காது. போனை எடுக்க மாட்டார். எடுக்காத போனுக்கு அவர் பதினேழு செய்தி அனுப்புவார்: சாப்பிட்டீங்களா, கோபமா, நான் ஏதாவது சொல்லிட்டேனா. பதினேழையும் பார்த்ததும் இவருக்கு இன்னும் மூச்சு முட்டும்.

ஒருமுறை மௌனம் ஆறு நாள் நீண்டது. ஏழாம் நாள் கண்ணாடிக்காரர் ஆபீஸ் வாசலிலேயே வந்து நின்றார்.

“தனியா இருக்கணும்னா இருங்க. யாரு வேணாங்கிறா? எத்தனை நாள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? அது தெரியாமத்தான் நான் சாகறேன். இன்னொரு தடவை இப்படிக் காணாமப் போனீங்கன்னா, நான் தேடி வர மாட்டேன்.”

அவர் மிரட்டவில்லை, களைத்திருந்தார். லைன் அக்காவுக்கு அது புரிந்தது. ‘மெக்கானிக் சீக்கிரம் வருவார்’ என்று சொல்லாதே, எத்தனை நிமிடம் என்று சொல் என்பது கட்டுப்பாட்டு அறையில் முதல் நாள் பாடம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதே இவர்தான்.

அடுத்த ஞாயிறு கண்ணாடிக்காரர் தன் வீட்டுச் சாவி ஒன்றை மேசைமேல் வைத்து, இவர் பக்கம் நகர்த்தினார். சாவியை எடுத்துக்கொண்ட கையோடு லைன் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

“புதன்கிழமை ஆறு மணிக்குக் கடைக்கு வர்றேன். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க.”

“கோபமா?”

“இல்ல.”

“சாவி குடுத்தது தப்பா?”

“தப்பில்ல. எனக்குப் பயமா இருக்கு.”

இந்த வார்த்தையை அவர் தினமும் கேட்பவர். சொன்னது அன்றுதான்.

“ஆறுன்னா ஆறா, ஆறேகாலா?”

“ஆறு.”

இரண்டு நாள் போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு முறை மணியடித்து நின்றுபோன அழைப்பை நாம் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

புதன்கிழமை ஐந்தே காலுக்கு, நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு தையற்காரர் மாட்டிக்கொண்டார், கைநிறையத் திரைச்சீலைகளோடு. மெக்கானிக் வர ஆறு பத்து ஆகும். லைன் அக்காவின் ஷிஃப்ட் ஐந்தரைக்கு முடிந்தது. அழைப்பைப் பாதியில் அவர் இதுவரை யாரிடமும் மாற்றிவிட்டதில்லை. இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கண்ணாடிக்காரரே குறை சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், லைன் அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது.

“சார், இனிமே உங்ககிட்ட இன்னொருத்தர் பேசுவார். மெக்கானிக் ஆறு பத்துக்கு வந்துடுவார்.”

“நீங்க எங்கம்மா போறீங்க?”

“ஒருத்தர் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்.”

“அட, கிளம்புங்கம்மா மொதல்ல! நான் எங்க ஓடிடப் போறேன்?”

லைன் அக்கா ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தார். இரண்டு தெரு நடந்தார். ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கண்ணாடிக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்.