தாத்தா குடியை விட்ட வருடம்

எங்கள் தாத்தா குடியை விட்டது, அவர் செத்து ஐந்தாறு வருடம் கழித்து. சொன்னால் யாரும் நம்புவதில்லை, சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் விட்ட அன்றைக்கு நான் பக்கத்திலேயே இருந்தேன், அதுவும் கொலைப் பசியோடு.

தாத்தா கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்தவர். விளைந்தால் சந்தோஷத்தில் குடிப்பார், காய்ந்தால் துக்கத்தில் குடிப்பார். கடைசியில் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி செத்தவருக்கு வருடா வருடம் படைக்கும்போது அவருக்குப் பிடித்ததையெல்லாம் போட்டோவுக்கு முன்னால் வைக்க வேண்டும். கறிக்குழம்பு, அவித்த முட்டை, கருவாட்டு வறுவல், ஒரு கட்டு பீடி, கூடவே ஒரு பாட்டில் பிராந்தி. அந்தப் பிராந்திதான் ஆளைக் கொன்றது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பிடித்ததாயிற்றே, வைத்துத்தானே ஆக வேண்டும்? படைத்து முடித்ததும் மூத்த மகன் அதிலிருந்து ஒரு மூடி குடிக்க வேண்டும் என்பது வழக்கம். மூத்த மகன் என் அப்பா.

அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் வேலை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி மறுபடியும் தண்ணீர் இறைக்க வைப்பதில் கெட்டிக்காரர். குடிப்பதிலும் தாத்தாவுக்கு இளைத்தவர் இல்லை. நான் நாலாவது படிக்கும்போது கோயிலில் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொண்டு தானாகவே நிறுத்தினார். சில மாதம் நன்றாகத்தான் இருந்தார். அதற்குள் படையல் வந்தது. படைத்தது சரக்கு இல்லை, பிரசாதம் என்றார் மாமா, அத்தை வீட்டுக்காரர். படைத்ததை வேண்டாமென்று சொன்னால் குத்தமாகிவிடும் என்றாள் அத்தை. அப்பா ஒரே ஒரு மூடி குடித்தார். அந்த வருடம் கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விழுந்து கிடந்த அப்பாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு குடியை விட வைக்கிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். எனக்கு அந்த வேறு ஆளை முதலில் பிடிக்கவேயில்லை. குடிக்கிற அப்பா ராத்திரி தள்ளாடிக்கொண்டு வந்தாலும் பரோட்டா வாங்கி வருவார், ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்பார். குடியை விட்ட அப்பா வாய்ப்பாடு கேட்டார். சட்டைப்பை நிறையக் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு தானே தின்றார். சனிக்கிழமை தவறாமல் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கும் கூட்டத்துக்குப் போனார். குடித்து நிறுத்தியவர்களெல்லாம் அங்கே வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம். குடிக்காமல் இருப்பதற்கு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாதா என்று எனக்குத் தோன்றும்.

அவர் திரும்பி வந்த பிறகு முதல் படையல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்போதுதான் வேங்கிக்காலில் புது வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தோம். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து சமைத்துக்கொண்டிருந்தாள். கையில் எடுத்ததெல்லாம் டமார் டமார் என்று கீழே விழுந்தது.

“என்னங்க, உங்க அக்காகிட்ட பாட்டில் வேணாம்னு சொல்லிட்டீங்களா இல்லியா?”

“வரட்டும், சொல்லிக்கலாம்.”

“சொல்லிக்கலாம் சொல்லிக்கலாம்னுதான் போன தபா ஆச்சு.”

அப்பா தெருமுனைக்குப் போய் ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்தார். பாட்டில் வைக்கிற இடத்தில் அதை வைத்துவிட்டு, போட்டோவையும் சோடாவையும் மாறி மாறிப் பார்த்தார். ரோஸ் கலரில் அது ஏதோ குழந்தையின் பிறந்தநாளுக்கு வைத்ததுபோல இருந்தது. முறுக்கு மீசையோடு முறைக்கிற தாத்தாவுக்கும் அதற்கும் சுத்தமாகப் பொருத்தமில்லை.

பதினோரு மணி வாக்கில் அத்தையும் மாமாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. தாத்தாவின் செல்லப் பெண். தாத்தா குடித்துவிட்டு எல்லோரையும் அடித்தபோதும் அவளை மட்டும் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வாள். மாமா எதற்கும் சிரிப்பவர். கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். அத்தை செருப்பைக் கழற்றும்போதே படையலைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடா இது?”

“பன்னீர் சோடாக்கா.”

“அது தெரியுது. எங்கப்பன் என்னிக்குடா சோடா குடிச்சான்?”

அப்பா சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அப்பாவும் நிறுத்திட்டாருக்கா.”

மாமா கெக்கெக்கென்று சிரித்தார். “செத்தவரு எப்படி மச்சான் நிறுத்துவாரு?”

“செத்தவருக்கு அதுல இன்னா மாமா கஷ்டம்? உசுரோட இருக்கறவனுக்குத்தான் கஷ்டம்.”

அத்தை சிரிக்கவில்லை. மாமாவின் கையிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கி உள்ளேயிருந்து பாட்டிலை எடுத்தாள். “நீ வாங்க மாட்டன்னு தெரிஞ்சுதான் நானே வாங்கினு வந்தேன். வருஷத்துக்கு ஒருநாள்டா. எங்கப்பாவுக்கு இதைக்கூட வெக்க மாட்டியா? நீ திருந்தினதுக்கு அவரு நாக்கு செத்துப் போவணுமா?” சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டாள். வேண்டுமென்று செய்கிற அழுகை இல்லை. தாத்தாமேல் அவளுக்கு அப்படியொரு பிரியம்.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை அவள். அன்றைக்கும் அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். அந்தப் பாட்டில் படையலில் ஏறினால் மூடி அப்பா கைக்கு வரும். வந்தால் என்ன ஆகும் என்று ஆறாவது படிக்கிற எனக்கே தெரியும்.

“அக்கா, அது உள்ள வேணாம்,” என்றார் அப்பா. “மாமா பையிலயே இருக்கட்டும். கற்பூரம் ஏத்தலாம் வா.”

“காக்கா தொடாது பாரு.”

“பாக்கலாம்.”

கற்பூரம் காட்டினோம், விழுந்து கும்பிட்டோம். இலையில் கொஞ்சம் சோறும் கறியும் வைத்துக்கொண்டு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட முடியும். காக்கை ரூபத்தில் வருவது தாத்தா.

அந்தக் காக்கைகளுக்கு அன்றைக்கு என்ன கேடோ தெரியவில்லை. எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாமேல் இரண்டு உட்கார்ந்திருந்தன. அப்பா கா கா என்றார், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டும் கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்த்தனவே ஒழிய எழுந்து வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கால் சுட்டது. கீழேயிருந்து வடை வாசனை வந்து உயிரை வாங்கியது.

“பாத்தியா? மூஞ்சத் திருப்பிக்கினாரு,” என்றாள் அத்தை. “வயிறு எரிஞ்சு போறாருடா எங்கப்பன்.”

மாமா நல்லவர்தான், அவருக்கும் பசி. “ஒரு மூடி எல ஓரமா ஊத்திடு மச்சான். ஊத்தறதோட சரி. உன்னை யாரு குடிக்கச் சொன்னா?” என்று மஞ்சள் பையை அப்பாவிடம் நீட்டினார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அம்மா மாடிப்படிக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா பையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததுபோலத்தான் எனக்கு இருந்தது. பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆன்டெனாவைப் பார்த்துத் திரும்பினார்.

“எப்பா! சோறு இருக்குது, கறி இருக்குது, முட்டை இருக்குது. அது மட்டும் இல்ல. இனிமேலும் இருக்காது. உனக்கு இஷ்டமிருந்தா சாப்புடு. எனக்குப் பசிக்குது, நான் கீழ போறேன்.”

போயேவிட்டார். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “எலையப் போடு,” என்றார் அம்மாவிடம். காக்கை தொடாமல் எங்கள் வம்சத்தில் யாரும் படையல் சோறு சாப்பிட்டதில்லை. அம்மா இலை போட்டுச் சோற்றை மலையாகக் குவித்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பாவுக்கு ஆதரவெல்லாம் ஒன்றுமில்லை, வடைக்குத்தான். மாமாவும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தெய்வமே என்று உட்கார்ந்துவிட்டார்.

அத்தை மட்டும் வெயிலில் மாடியிலேயே நின்றாள். நாங்கள் ரசத்துக்கு வந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கையில் காலி இலை.

“சாப்ட்டுச்சு,” என்றாள். “கறியத்தான் மொதல்ல எடுத்துச்சு.”

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. காக்கை கத்தின சத்தமும் கேட்கவில்லை. இன்றுவரை அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. அப்பா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அத்தை உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்து, “கொழம்புல உப்பு கம்மி,” என்றாள். அம்மா அன்றைக்கு அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்ட கையோடு இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மஞ்சள் பையும் அவர்களோடு போனது. பாட்டில் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, பஸ்ஸில் மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அடுத்த வருடத்திலிருந்து அத்தையே வரும்போது பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு வந்தாள், அதுவும் ஜில்லென்று.

அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. என் அப்பா அத்தையை ஜெயித்தார், காக்கையை ஜெயித்தார், செத்த தாத்தாவையே ஜெயித்துவிட்டார். இனி எந்தப் பயமும் இல்லை, கதை முடிந்தது. மாலையில் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போவதாகவும் சொல்லியிருந்தார். நான் பவுடர் போட்டு, புது கவுன் மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அப்பா மாடிக்குப் போய் யாருக்கோ போன் பண்ணினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். அப்பா போகிற சனிக்கிழமைக் கூட்டத்து ஆள், ரிட்டையரான பஸ் கண்டக்டர். நரைத்த தலை, வெற்றிலைச் சிவப்பு வாய். படையல் எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வடையை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது பழைய ரூட் பஸ்களைப் பற்றியும் மல்லாட்டைக்கு வந்த பூச்சியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. காற்று நன்றாகத்தான் அடித்தது.

“அப்பா, பொருட்காட்சி!”

“அடுத்த வாரம் போலாம்டா தங்கம்.”

நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கீழே வந்தேன். “அந்தத் தாத்தா எப்பம்மா கிளம்புவாரு? அவருக்கு வீடு வாசல் இல்லியா?”

“இருக்கட்டும்டி. அவரு இருக்கற வரைக்கும் இருக்கட்டும்,” என்று அம்மா மறுபடியும் டீ போட்டாள். எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்கு இரண்டாவது டீ கொடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கு மூன்றாவதும் கொடுத்தாள். அத்தை உப்பு கம்மி என்றதோடு விட்டுவிட்ட சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன். விளக்கு வைத்து, தெருவில் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் அவர் எழுந்தார். அப்பா அவரோடு பிராந்திக் கடையைத் தாண்டி இருக்கிற பஸ் ஸ்டாப் வரைக்கும் போகவில்லை. அவர்தான் வேண்டாமென்று சொல்லி, அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டுப் போனார்.

அந்தக் கண்டக்டர் இப்போது இல்லை. அவருக்கு வந்த போன்களெல்லாம் இப்போது அப்பாவுக்கு வருகின்றன. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “ஒரு ஆளைப் பாத்துட்டு வந்துடறேங்க,” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் முழித்தார்கள். அம்மா துளிகூடக் கவலைப்படாமல் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தாள். நானும் கவலைப்படவில்லை. யாரோ ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் அப்பா மோட்டார் கதை பேசிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமும் அந்தப் பையனோடுதான் நடந்தது.

ஆனால் கவுனோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுத அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லோர் முன்னாலும் வேண்டாமென்று சொல்ல அப்பாவுக்குத் தெம்பிருந்தது. எல்லோரும் போன பிறகு, வேண்டாமென்று சொல்வதற்கு எதிரே ஆளே இல்லாத அந்தச் சாயங்காலத்தைத்தான் அவரால் தனியாகத் தாண்டியிருக்க முடியாது. அப்பா ஜெயித்தது மத்தியானத்தில் என்றே நான் ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.