பச்சைத் தடமும் அண்ணை வீடும்

பிள்ளைகளுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். சுத்தப் பொய். பனிச்சறுக்கு ஆசை எனக்குத்தான். கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில் நான்காம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கியது. பெப்ரவரி விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளின் முகம் பனிவெயிலில் கறுத்து, சறுக்குக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கும். எங்கே போனீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டு வருவார். என் முறை நெருங்கும்போது நான் புத்தகப் பைக்குள் எதையோ தேடத் தொடங்குவேன். நாங்களும் நோர்வேக்குச் சறுக்கப் போவோமா என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன்.

"பனியில விழுறதுக்கு நோர்வேக்குப் போகோணுமே? வாசல்ல இறங்கு, விழலாம்," என்றார்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஆசை போகவில்லை.

இப்போது அதற்குக் கிட்டவுள்ள பிராண்டேயில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இதைவிட்டால் எனக்கு வேறு சாக்குக் கிடைக்காது. ஒரு மாதம் உட்கார்ந்து இடம் தேடினேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பச்சைத் தடம் வேண்டும், ஆகச் சாய்வு குறைந்தது அதுதான். அது அடிவாரத்திலேயே, வேகக்காரர் குறுக்கே வராத இடத்தில் இருக்க வேண்டும். நின்றாலே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டை வேண்டும். தங்கும் வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், அழுகிற பிள்ளையையும் அந்தக் கனத்த சறுக்குச் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு யார் பஸ் ஏறுவது? கடைசியில் சுவீடனில் ஓர் இடம் அகப்பட்டது. கணவரிடம் காட்டினேன். அவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்தார். தடங்களையா பார்த்தார்? ம்ஹூம். தன் தமையன் இருக்கும் ஒஸ்லோவைத்தான்.

"இதிலயிருந்து ஒஸ்லோவில அண்ணை வீடு எவ்வளவு தூரம்?"

"ஆறு மணித்தியாலம். நாங்கள் அண்ணை வீட்டுக்குப் போகேல்லையப்பா, மலைக்குப் போறம்."

"அவ்வளவு தூரம் போயிட்டு எட்டிப் பாக்காமல் வந்தால் அண்ணை என்ன நினைப்பார்?"

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கும் முறை இதுதான். பாரிஸ் என்றால் மாமி வீடு, லண்டன் என்றால் சித்தப்பா வீடு. ஈபிள் கோபுரத்தை நான் காருக்குள் இருந்துதான் பார்த்தேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு நானே விட்டுக்கொடுத்தேன். அண்ணை வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் போகக்கூடிய ஒரு நோர்வே மலையைப் பதிவு செய்தோம். நல்லவேளை, அங்கேயும் பச்சைத் தடம் இருந்தது.

நாங்கள் போன மறுநாளே அண்ணையும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி, ஒரு பெரிய ரைஸ் குக்கர். ஒரு நாள் என்று வந்தவர்கள் கிழமை முழுக்க நின்றுவிட்டார்கள். காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு. பிள்ளைகளை ஸ்கீ வகுப்பில் விட்டுவிட்டு நான் அடுப்படிக்கு ஓடி வருவேன். யன்னலால் பார்த்தால் சின்னச் சின்ன ஹெல்மெட்டுகள் வளைந்து வளைந்து இறங்கும். எனக்கு அழுகை அழுகையாக வரும். முழுக் கோபமும் அண்ணையின் மனைவி மேல்தான். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வருவோம் என்று பிடிவாதம் பிடித்ததே அவராம். பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டிக்கொண்டிருப்பார்.

கடைசி நாள் பின்னேரம் நானும் அக்காவும் தேத்தண்ணிப் போத்தலோடு அடிவாரத்தில் நின்றோம். மகள் தனியாகச் சறுக்கி வந்து முன்னால் நின்றாள். "அம்மா, நீ ஏன் வரவில்லை?" என்று டேனிஷில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மறுபடி பட்டையில் ஏறிப் போய்விட்டாள்.

"எனக்கும் ஏற விருப்பம்தான், பிள்ளை," என்றார் அக்கா.

"என்னக்கா?"

"இருபத்தஞ்சு வருசமா நோர்வேயில இருக்கிறன். என்ர பிள்ளையள் பள்ளிக்கூடத்தோட வந்து இந்த மலையெல்லாம் ஏறினவை. நான் சாப்பாடு கட்டிக் குடுத்ததோட சரி. நீங்கள் வாறியள் எண்டவுடன, இந்த முறையாவது கிட்டப் போய் நிக்கலாமெண்டு அவரை இழுத்துக்கொண்டு வந்தனான்."

ஐயோ! இந்த மனுசியையா நான் ஒரு கிழமையாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்? வெட்கமாகப் போய்விட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சறுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் மணிக்கூட்டைக் காட்டினாள். பட்டையை நிறுத்தப் போகிறார்கள், இனி நாளைக்குத்தான் என்றாள். நாளை காலை எங்களுக்கு வீடு திரும்பும் கப்பல்.

"சப்பாத்தையாவது ஒருக்காப் போட்டுப் பாக்கலாமோ எண்டு கேள்," என்றார் அக்கா.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு சோடி கொண்டுவந்து வைத்தாள். மரவாங்கில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் அமுக்கி, கொக்கிகளைப் பூட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழும்பினோம். காலை மடக்கவும் முடியவில்லை, நிமிர்த்தவும் முடியவில்லை. கடைக்காரப் பெண் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினாள். நான் குனிந்து கொக்கியில் கை வைத்தேன்.

"கழட்டாதை," என்றார் அக்கா. "இன்னும் கொஞ்சம் நிப்பம்."