தெப்பக்குளத்தின் நான்கு மூலைகள்

காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது ஒரு பெரியவரைப் பார்ப்பேன். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ. சட்டைப்பையில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. குளத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று பத்துத் தடவை கண்களை இறுக மூடித் திறப்பார். பிறகு அடுத்த மூலைக்கு விறுவிறுவென்று கிளம்பிவிடுவார்.

கம்ப்யூட்டரைப் பார்த்தே வறண்டுபோன கண் எனக்கும் உண்டு. அதனால் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன்.

"நடந்தா கண்ணுல ஈரம் ஊறும்னாரு டாக்டர். போனையும் குறைக்கச் சொன்னாரு. அதைக் குறைக்க முடியாது தம்பி. அதான் நடையைக் கூட்டிட்டேன்."

ஏழு மணிக்கு அமெரிக்காவிலிருந்து மகள் கூப்பிடுவாளாம்.

"பேத்திக்கு ரெண்டு வயசு. நாம கண்ணைச் சிமிட்டுற நேரத்துல ஸ்கிரீனை விட்டு ஓடிருது. அதனால சிமிட்டுறதே இல்ல."

ஏழு மணிக்குப் படியில் உட்கார்ந்து, தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேத்தியைக் கொஞ்சுவார். எனக்குப் பேச்சு புரியாது. இமைக்காத அந்தக் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒருநாள் ஏழரை ஆகியும் நடந்துகொண்டே இருந்தார்.

"போன் வரலையா சார்?"

"அவுக எங்கயோ மலைக்குச் சுத்திப் பாக்கப் போயிருக்காக. ஒரு வாரம் சிக்னல் இருக்காதாம்."

"அப்பக் கண்ணுக்கு லீவுதானே. எதுக்கு இம்புட்டு நடை?"

"சேத்து வைக்கிறேன் தம்பி" என்றவர் அடுத்த மூலையில் நின்று கண்களை மூடினார்.

கண்ணின் ஈரத்தை அப்படிச் சேர்த்துவைக்க முடியுமா என்று எந்த டாக்டரிடமும் நான் இன்றுவரை கேட்கவில்லை.