முன்பக்கம் கூட்டாதே

ரோவினா டக்கெட்டுக்கு அவள் அப்பா கொடுத்த முதல் வேலை, ஓடைப் பாறையில் இருக்கும் காலடியைக் கழுவுவது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. ஒரு கையில் வாளி, ஒரு கையில் விளக்குமாறு. குதிகால் பக்கம் தண்ணீரை ஊற்றி, ஓரங்களைத் தேய்த்து, தேங்கிய சேற்றை வழித்து எறிய வேண்டும். ஒரே ஒரு கட்டளை மட்டும் உண்டு.

"முன்பக்கம் கூட்டாதே பாப்பா. அங்க கெடக்கிற ஜல்லி அங்கயே கெடக்கட்டும்."

ஏன் என்று அவள் கேட்டதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடு என்றால் மூடுகிறோம், அதுபோலத்தான் இதுவும்.

டெக்சஸில் அந்த ஓடைக்கரையில் வளர்கிற பிள்ளைகளுக்கு டைனோசர் புத்தகத்து மிருகம் அல்ல. குளிக்கப் போனால் பாறையில் அதன் தடம் கிடக்கும். ஈரச் சேற்றில் கோழி மிதித்தது போல மூன்று விரல், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. எதிர்க்கரை அரசாங்கப் பூங்கா. அங்கே கம்பி வேலி உண்டு, பலகை உண்டு, பலகையில் பதினோரு கோடி ஆண்டு என்று எழுதியிருக்கும். இந்தக் கரை டக்கெட் குடும்பத்தின் ஆட்டுப் பண்ணை. வேலி கிடையாது, பலகை கிடையாது. ஆனால் அந்த ஒன்று இந்தக் கரையில்தான் இருந்தது: விரல் பிரியாத, நீளமான, மனுஷக் கால் பதிந்தது போன்ற குழி. முழத்துக்கும் கூடுதலான நீளம். மனிதனும் டைனோசரும் ஒரே சேற்றை மிதித்திருக்கிறார்கள் என்றால் பதினோரு கோடி எங்கே போய் நிற்கும்? வேதாகமத்தில் இருக்கிறபடி கடவுள் உலகத்தைப் படைத்தது ஆறே நாளில்தான்.

அப்பா ஹோய்ட் டக்கெட் எதிர்க்கரையைப் பார்த்துச் சொல்வார்: "பதினோரு கோடி வருஷமாம். எழுதினவன்கிட்ட அவன் பொறந்த கெழமையைக் கேளு. அம்மாவுக்கு போன் போட்டுத்தான் சொல்லுவான்."

அந்தக் காலடி அவருக்குக் கிடைத்த கதை அவர்கள் தேவாலயச் சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து நின்று சாட்சி சொல்வார், ஒரு சொல் மாறாது. வாலிபத்தில் அவர் பெருங்குடிகாரர். வெள்ளம் வடிந்த ஒரு காலையில், முந்தின நாள் குடித்தது இன்னும் இறங்காமல், அடித்துப்போன ஆடுகளைத் தேடி ஓடையில் இறங்கினார். வெள்ளம் பாறையைத் துடைத்து விட்டிருந்தது. கால் தடுக்கி உட்கார்ந்த இடம் அந்தக் குழி. பூட்ஸைக் கழற்றித் தன் காலை உள்ளே வைத்துப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி ஒருத்தன் இங்க நடந்திருக்கான். அவனைப் படைச்சவர்தான் என்னையும் படைச்சார். அப்ப நான் என்னத்துக்கு இப்படிச் சேத்துல பொரளுறேன்னு கேட்டுக்கிட்டேன். சட்டைப் பையில இருந்த பாட்டிலை ஓடையில ஊத்தினேன். அன்னைக்கு மீனுங்கதான் போதையில கெடந்திருக்கும்."

அந்த இடத்தில் சபை சிரிக்கும், அவரும் சிரிப்பார், பிறகு அழுவார். அதற்குப் பின் அவர் குடித்ததில்லை. அதே ஓடையில் ஞானஸ்நானம் எடுத்தார். நாடீனைக் கல்யாணம் செய்தார், ரோவினா பிறந்தாள். காலடியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். யாரிடமும் அவர் ஒரு காசு வாங்கியதில்லை.

ஒவ்வொரு ஜூலையிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டி வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் செருப்பைக் கழற்றி அந்தக் காலடிக்குள் தன் காலை வைக்க வேண்டும். ஹோய்ட் ஆறு நாள் கதையைச் சொல்வார். முதல் நாள் வெளிச்சம் என்று அவர் கையை விரித்தால் சூரியனே அவர் சொல்லி வந்தது போல இருக்கும்.

டக்கெட் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ரோவினா. ஆசிரியைப் படிப்பு. அதில் பாறையியலும் ஒரு பாடம். தேர்வில் அவர்கள் ஊர்ப் பாறையின் வயதையே கேட்டிருந்தார்கள். கண்ணை மூடி, நல்ல மதிப்பெண் கொடும் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டு, பதினோரு கோடி என்று எழுதினாள். நல்ல மதிப்பெண் வந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பி ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். வகுப்பில் "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று ஆரம்பிப்பாள். ஞாயிறு பள்ளியில் "வேதம் சொல்கிறது" என்று ஆரம்பிப்பாள். இரண்டுமே உண்மைதான், அவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள். ஒருமுறை ஒரு மாணவி விடவில்லை.

"மிஸ், நீங்க என்ன சொல்றீங்க?"

"நானா? மணி அடிச்சிடுச்சுன்னு சொல்றேன்."

வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கல்லூரியில் எதிர்ப்பட்ட சிலர் எல்லாவற்றையும் உதறிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். சபையில் எதையும் கேட்காதவர்களும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். தனக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதி கால் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஹோய்ட்டுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. போதகர், பிரதர் வெண்டல், ஆராதனை முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடைக்கதை இந்தத் தடவை நீதான் சொல்லணும், ரோவினா."

"எனக்கு அப்பா மாதிரி சொல்ல வராது, பிரதர்."

"மோசேயும்தான் தனக்குப் பேச வராதுன்னு ஆண்டவர்கிட்ட சொன்னாரு. விட்டாரா? அறிவியல் டீச்சரே சொல்லுதுன்னா புள்ளைங்க மனசுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியாத ஆட்டம். பிரதர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

பனிக்காலத்துக்குப் பிறகு மழையே இல்லை. ஜூலையில் ஓடை முழுக்க வற்றிப்போனது. அவள் பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை வாளியோடும் விளக்குமாற்றோடும் இறங்கினாள். முன்பக்கத்து ஜல்லி அங்கே இல்லை. தண்ணீர் தேடி அலைந்த ஆடுகள் கலைத்திருக்க வேண்டும். ஜல்லிக்கு அடியில் ஒட்டியிருந்த வண்டல் வெயிலில் சுருண்டு பழைய பெயின்ட் போல உரிந்து கிடந்தது. வழக்கம்போலக் குதிகாலில் தண்ணீரை ஊற்றினாள். அது முன்பக்கமும் ஓடி வண்டலைக் கரைத்தது.

சாம்பல் நிறப் பாறையில் துரு நிறத்தில் மூன்று விரல்கள்.

குழி அல்ல, வெறும் நிறம்தான். கையால் தடவினால் சமமாக இருந்தது. ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டலாம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். நிறம் இன்னும் கறுத்தது.

கல்லூரியில் இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சில டைனோசர்கள் சேற்றில் குதிகாலும் பதிய நடந்தன. விரல் பள்ளங்களில் வேறு சேறு நிரம்பிக் கல்லாகிவிட்டால் மிஞ்சியது மனுஷக் கால் போலத் தெரியும் என்று. அன்று அவள், அது வேறு ஏதோ ஓடை என்று நினைத்துக்கொண்டு குறிப்பெடுத்தாள்.

வினோதம் என்னவென்றால், அவள் மனதில் முதலில் வந்தது பதினோரு கோடியும் இல்லை, ஆறு நாளும் இல்லை. முன்பக்கம் கூட்டாதே. அதுதான் வந்தது. அப்பாவுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், இத்தனை ஆண்டு அந்த மனிதர் எழுந்து நின்று அழுதது என்ன அழுகை? தெரியாது என்றால் எதற்காக அந்தக் கட்டளை? அந்தப் பாட்டில் ஓடையில் கொட்டப்பட்டது உண்மை. அவர் குடிக்கவில்லை, அதுவும் உண்மை. கோழிக்கால் மிருகத்தின் தடத்தில் உட்கார்ந்து ஒரு மனிதன் திருந்தினால், அந்தத் திருந்தலுக்கு என்ன பெயர்?

வீட்டில் அம்மா நாடீன் வெண்டைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ எப்பவாவது அந்தக் காலடியோட முன்பக்கத்தைக் கூட்டியிருக்கியா?"

"நானா? என் வீட்டைக் கூட்டவே எனக்கு நேரமில்ல, ஓடையை வேற கூட்டுறதா? ஏன், பாம்பு கீம்பா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"உங்கப்பா அன்னைக்கு அங்க விழலேன்னா நான் அந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டியிருக்க மாட்டேன். எங்கப்பா துப்பாக்கியோட வாசல்ல நின்னிருப்பாரு. நீயும் இருந்திருக்க மாட்டே. போ, உங்கப்பாவுக்கு டீ கொண்டு போய்க் குடு."

ஹோய்ட் சாய்வு நாற்காலியில் முழங்கால்மேல் ஐஸ் பையோடு படுத்திருந்தார். குளிர்ந்த டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"டாடி, முன்பக்கம் கூட்டாதேன்னு ஏன் சொல்லுவீங்க?"

அவர் ஒரு வாய் குடித்தார். ஐஸ் பையை நகர்த்தி வைத்தார்.

"அங்க பாசி புடிக்கும். நம்ம சபை மிஸ் ஐலாவோட பையன் வழுக்கி விழுந்து முன்பல்லை ஒடைச்சுக்கிட்டானே, மறந்துட்டியா? ஜல்லி கெடந்தா கால் வழுக்காது."

மறக்கவில்லை. அவன் வாயில் ரத்தம் வழிய நின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பல் உடைந்தது முன்பா, கட்டளை முன்பா என்பதுதான் ஞாபகம் இல்லை.

"ஏன், என்னாச்சு?"

விரல் தெரியுது டாடி என்று சொல்ல வாயெடுத்தாள். "ஓடை சுத்தமா காஞ்சு போச்சு" என்றுதான் வந்தது.

"ஊரே காஞ்சு கெடக்கு, ஓடை மட்டும் தப்புமா? வெள்ளிக்கெழமை பேசும்போது நான் நிக்கிற எடத்துல நில்லு. அங்க நின்னாத்தான் எல்லாப் புள்ளைங்க மூஞ்சியும் தெரியும்."

வெள்ளிக்கிழமை அவள் எல்லோருக்கும் முன்னால் ஓடைக்குப் போனாள். ஒரு வாளியில் தண்ணீர், இன்னொரு வாளியில் ஜல்லி. தண்ணீரை ஊற்றினால் விரல்கள் பளிச்சென்று தெரியும், ஜல்லியைக் கொட்டினால் மறையும். இரண்டையும் பாறையோரம் வைத்துவிட்டு எதையும் கொட்டாமல் நின்றாள். அதற்குள் மேலே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் லெமனேட் ஜாடியைத் தூக்கிக்கொண்டு மிஸ் ஐலா, "ஓடாதீங்கடா, ஓடாதீங்க, பல்லு பத்திரம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

அவர்களுக்கும் பின்னால் நாடீன் ஓட்டி வந்த பிக்கப் வண்டி. ஹோய்ட் கைத்தடியோடு இறங்கினார்.

"மகளை நம்பாமத்தான் வந்தீங்களா, ஹோய்ட்?" பிரதர் வெண்டல் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்.

"பேச வரல பிரதர். கேக்க வந்தேன்."

கேட்க வந்தவருக்கு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைத் தாண்டி, பழகிய மாடு தொழுவத்துக்குப் போவது போல நேராகக் காலடியின் முன்பக்கத்துக்குப் போனார். குனிந்து பார்த்தார். தொப்பியின் விளிம்பு அவர் கண்ணை மறைத்தது.

"அடேயப்பா, என்னமா காஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். பூட்ஸ் இரண்டையும் அகல ஊன்றிப் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார். மூன்று விரல்களும் அவருக்கு அடியில் போய்விட்டன.

எப்போதும் அங்கேதான் நிற்பார். அவள் ஏழு வயதிலிருந்து பார்த்த நிலைதான். அங்கே நின்றால் எல்லா முகமும் தெரியும் என்பதும் பொய் இல்லை.

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் பேச வரவில்லை என்பதை அவரே மறந்துவிட்டார். முதல் நாள் வெளிச்சம் என்று கையை விரித்தார். மீன்கள் போதையில் கிடந்த இடத்தில் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அழவேண்டிய இடத்தில் அழுதார். ரோவினாவுக்கும் கண் நிறைந்தது. எதற்கு என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து காலடிக் குழியில் கால் வைத்தார்கள். அத்தனை பேரும் வைத்து முடிக்கும்வரை அவர் அசையவில்லை. அறுத்த முழங்கால் நடுங்குவது கால்சட்டைக்கு மேலே தெரிந்தது.

"பாப்பா, முட்டி மடங்குது. கையைக் குடு."

அவள் பாய்ந்து போய்ப் பிடித்தாள். கனமான ஆள். இடுப்பில் கை போட்டுப் பாரத்தை வாங்கி மெல்ல நகர்த்தினாள். பிரதர் வெண்டல் அவரை அவளிடமிருந்து வாங்கி நாற்காலிக்குக் கொண்டு போனார்.

"இப்ப மிஸ் ரோவினா ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க!"

பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பினார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகமும் தெரிந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அப்பாவின் பூட்ஸ் இருந்த அதே இடத்தில் அவளுடைய இரண்டு காலணிகளும் இருந்தன.

அவரைத் தாங்க அங்கே காலை ஊன்றினாளா? மறைக்க ஊன்றினாளா? நடந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கால் அவளுடையது. மனதுக்குள் துழாவிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல" என்றாள் சத்தமாக.

பிரதர் வெண்டல் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாருங்க, மோசே மாதிரியே! பரவால்ல, அடுத்த வருஷம் சொல்லட்டும். லெமனேட் யாருக்கு?"

பிள்ளைகள் மேலே ஓடினார்கள். ஹோய்ட் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தொப்பியால் விசிறிக்கொண்டு அவள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலணிகளையா, பாறையையா, அவளுக்குத் தெரியவில்லை.

"வா பாப்பா. வெயில்ல நிக்காதே."

"வரேன் டாடி. நீங்க முன்னாடி போங்க."

அவர் போகவில்லை. அவளும் அசையவில்லை. பாறையோரம் இரண்டு வாளிகளும் வைத்தபடியே இருந்தன. மேலே மிஸ் ஐலா, பல்லு பத்திரம், பல்லு பத்திரம் என்று கத்திக்கொண்டிருந்தாள்.