டீச்சரக்காவின் வலது கால்

சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீச்சரக்காவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. திரையில் ஒரு லாரி வளைவில் திரும்பிவிட்டதாம். "ஹாரன் அடிக்கிறானா பாரு!" என்று அதன் டிரைவருக்கு ஒரு திட்டு வேறு.

இருபது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கால். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டே, அந்தப் பழக்கம். பஸ்ஸில் போனாலும் அழுத்தும். "நான் ஓட்டினா இவ பிரேக் போடுவா. இவ ஓட்டினா நான் கண்ணை மூடிக்குவேன். குடும்பம் இப்படித்தான் ஓடுது" என்கிறார் வீட்டுக்காரர்.

இப்போது டீச்சரக்காவிடம் பாடம் படிப்பது மனுஷன் இல்லை, தானாக ஓடும் கார். அது தப்புச் செய்தால் பிரேக் போட வேண்டும், மற்றபடி சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சொல்லித்தான் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். டீச்சரக்காவா சும்மா உட்காருவார்? "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை, சிவப்பு விழப்போகுது" என்று வழிநெடுக அறிவுரை. எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் பின்சீட்டில் ஏறினேன். காது புளித்துப்போயிற்று.

"மெஷினைப் போய் மாப்பிள்ளைங்கிறீங்களே?"

"பின்னே? சொன்னாக் கேக்காது. ஆனா மரியாதை குறையக் கூடாது."

அதன் சரித்திரமும் அவருக்கு அத்துப்படி. "மொதல்ல வெறும் வாய்தான். ஃபோன்லேர்ந்து வலது பக்கம் திரும்புன்னு சொல்லி முட்டுச்சந்துல கொண்டுபோய் விடும். அப்புறம் கண்ணு வந்துச்சு. இப்பக் கையும் காலும் முளைச்சிருச்சு. இனிமே பொறக்குற பிள்ளைங்க எதுவும் ஓட்டக் கத்துக்காது, பாத்துக்கிட்டே இருங்க."

நேற்று அதற்குப் பரீட்சை. உள்ளே ஆளே இல்லாமல் முதல் ஓட்டம். காலையிலிருந்து டீச்சரக்காவுக்குக் காப்பி இறங்கவில்லை. "பாஸாச்சுன்னா என் வேலை போச்சு. ஃபெயிலாச்சுன்னா என் மானம் போச்சு. எதை வேண்டிக்கிறது, நீங்களே சொல்லுங்க!" பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

கார் காலியாகக் கிளம்பியது. துணைக்குப் போன நானும் டீச்சரக்காவும் இன்ஜினியர்களோடு நடைபாதையில் நின்றோம். பள்ளிக்கூட முனையில் ஒரு பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்க இறங்கினாள். டீச்சரக்காவின் வலது கால் நடைபாதைக் கல்லை அழுத்தியது.

வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் கார் பதமாக நின்றது. இன்ஜினியர்கள் கைதட்டிக் குதித்தார்கள்.

"நின்னுருச்சுக்கா, காலை எடுங்க" என்றேன்.

தள்ளுவண்டி எதிர்ப்பக்கம் ஏறும்வரை அவர் எடுக்கவில்லை.