குழியருகே வம்சம் சொன்னவர்

ராகலையில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சந்தைக்குப் போகும் லீக்ஸ் தண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போன் வந்தது. டயகமப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து, சபை மூப்பர் அருளப்பன் அண்ணன் பேசினார். "உபதேசியார் போயிட்டாரும்மா. விடியக்காலையில, தூக்கத்துலயே" என்றார். உங்கப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லிப் பல வருடமாகிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்பா அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு, திருச்சபை மலருக்கு ஞானமுத்து உபதேசியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி போதகர் கேட்டார். நல்லதை எழுதுகிறேன். மற்றதையும் எழுதத்தான் போகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

அப்பா வாரநாட்களில் பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் வேலை செய்தார்கள். போதகர் அட்டனிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால், மற்ற ஞாயிறுகளில் எங்கள் தகரக் கூரைக் கோயிலில் வேதம் வாசித்துப் பிரசங்கம் செய்ததும் அவர்கள்தான். மற்ற உபதேசியார்களுக்குச் சங்கீதம் பிடிக்கும், அற்புதங்கள் பிடிக்கும். எங்கள் அப்பாவுக்குப் பிடித்தது வம்சவரலாறு. ஆதாமுக்குச் சேத், சேத்துக்கு ஏனோஸ், ஏனோசுக்குக் கேனான் என்று பழைய ஏற்பாட்டில் பக்கம் பக்கமாக வருமே, எல்லாரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள், அதை ஒரு பெயர் விடாமல் நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். மலையேறிக் கொழுந்தெடுத்துக் களைத்த சனம் தூங்கி விழும். அதற்கும் அசைய மாட்டார்கள்.

ஒருநாள் அந்தோனியம்மா அத்தை பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "என்னாங்க உபதேசியாரே, காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் கூப்பிடுற மாதிரி இருக்கு. இதுல நமக்கு என்னா ஆசீர்வாதம் இருக்கு?"

அப்பா வேதத்தை மூடிவைத்தார்கள். "பெரட்டுக் களத்துல உன்னையப் பேரு சொல்லியா கூப்பிடுறாங்க? நம்பரு சொல்லித்தானே கூப்பிடுறாங்க? எகிப்துல செங்கல் அறுத்த சனத்துக்கும் அப்படித்தான். ராஜாவுக்கு வம்சம் எப்படியும் இருக்கும். அடிமையா கெடந்தவனுக்குத்தான் அதை யாராவது சொல்லணும். இன்னார் மகன் இன்னார்னு கடவுள் ஒவ்வொருத்தரா எண்ணி வச்சிருக்காரு. அதைவிட என்னா ஆசீர்வாதம் வேணும் உனக்கு?"

அதற்குப் பிறகு அத்தை தூங்கவில்லை. யாருமே தூங்கவில்லை.

இந்தப் பிடிப்பு அப்பாவுக்குச் சும்மா வந்ததில்லை. பிரசாவுரிமை, அதாவது குடியுரிமை, பறிபோன காலத்தில், உன் தாத்தா எங்கே பிறந்தார், அத்தாட்சி காட்டு என்று கேட்டு, காட்ட முடியாத அப்பாவுடைய தாய்மாமன்மாரை அரசாங்கம் குடும்பத்தோடு ரயிலேற்றிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. பாபிலோனிலிருந்து திரும்பிய ஆசாரியர்களில் சிலர் தங்கள் வம்சத்தை நிரூபிக்க முடியாமல் ஊழியத்திலிருந்து தள்ளப்பட்டார்கள் என்ற இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அப்பா நிறுத்தி, அந்த வரியை மறுபடி வாசிப்பார்கள். தோளைக் குலுக்கிக்கொண்டு மேலே வாசிப்பார்கள்.

இன்னொரு இடத்திலும் நிறுத்துவார்கள். நாளாகமத்தில், பிள்ளையில்லாமல் செத்துப்போன ஒருவரிருவர் பெயர் வரும். "பாருங்க, இவனுக்கு வாரிசு இல்லை. ஆனா வேதத்துல பேரு இருக்கு. அதுக்குப் பேருதான் கிருபை" என்பார்கள்.

எங்கள் தோட்டத்து வழக்கமொன்று அவர்களால் வந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு, மண் போடுவதற்கு முன்னால், இறந்தவரின் வம்சத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கப்பலேறி வந்த முதல் ஆளில் ஆரம்பித்து, இறந்தவர் வரை வந்து, அவர் பெற்ற பிள்ளைகளோடு முடிக்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளில், லயம் லயமாகப் போய்க் கிழவன் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு, முழுத் தோட்டத்து வம்சத்தையும் அப்பா வாயிலேயே வைத்திருந்தார்கள். எழுதி வைக்கக்கூடாது என்பது அவர்கள் கட்டளை. "எழுதினா காகிதம் வச்சிக்கும். சொன்னாத்தான் மனுசன் வச்சிப்பான்." கோயிலுக்கு வராத இந்துக் குடும்பங்கள்கூட, "உபதேசியாரே, நம்ம அப்பாவுக்கும் வந்து சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிடும். சந்தனம் பூசியவர்களின் குழியருகிலும் நின்று சொன்ன மனிதர் அவர்கள். அந்த மட்டில் பெரிய மனிதர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் நானும் யோவேல் தம்பியும்தான். எனக்கு லேயாள் என்று பேர் வைத்தார்கள். சோறு வேகும்வரை அடுப்படியில் எங்களை உட்கார வைத்துக் குடும்ப வம்சத்தைச் சொல்லச் சொல்வார்கள். தம்பி பாதியில் தடுமாறுவான். நான் தடுமாற மாட்டேன். "பொட்டப்புள்ளைக்கு என்னா ஞாபகம் பாரு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்வார்கள்.

ராகலையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டி வந்த நிமலை நான் கல்யாணம் செய்துகொண்டதோடு அந்தப் பெருமை முடிந்தது. சிங்களவர், பௌத்தர். நான் போன அடுத்த ஞாயிறே கோயிலில் எழுந்து நின்று, "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று அறிவித்தார்களாம்.

அம்மா இறந்தபோது கைக்குழந்தையோடு போனேன். யாரும் தடுக்கவில்லை. பெட்டி இறங்கியது. அப்பா அம்மாவின் வம்சத்தைச் சொன்னார்கள். கடைசியில், "இவள் பெற்றது யோவேல்" என்று சொல்லிவிட்டு, மண் போடச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, கத்திவிட்டார். "மச்சான்! லேயா இங்கதானே நிக்குது! அதையும் அக்காதானே பெத்துச்சு?"

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "குழியில சொல்றது வம்சம். வேடிக்கை பார்க்க வந்தவங்க பேரெல்லாம் அதுல வராது."

பெற்ற தாயின் குழியருகே, பத்து மாதம் சுமந்தவளின் கணக்கிலிருந்தே என்னை அழித்த மனிதரை நான் என்ன சொல்ல? தெரியாதவர் செய்திருந்தால் மன்னிக்கலாம். ஒரு பேர் விட்டால் ஒரு மனிதனைக் கொன்றதற்குச் சமம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தானே. தெரிந்தே செய்தார்கள்.

பிறகு தம்பி போனான். அட்டன் ரோட்டில், பனிமூட்டத்தில், ஆட்டோவோடு பள்ளத்தில். கல்யாணமாகியும் பிள்ளையில்லை. மகனின் வம்சத்தையும் அப்பாவே சொன்னார்கள். பிள்ளைகள் பெயர் வரவேண்டிய இடத்தில் வாய் திறந்தபடி நின்றார்கள். அப்புறம், "யோவேலுக்குப் பிள்ளை இல்லை" என்றார்கள். அன்றைக்கு எனக்கு அவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. கிட்டே போனேன். நகர்ந்துகொண்டார்கள்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ராகலைக்கு, என் வீட்டுக்கு, முதல் தடவையாக வந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நிமல் தெரிந்த தமிழில், "மாமா, தேத்தண்ணி குடிங்க" என்று கொண்டுவந்து வைத்தார். அதை அப்பா தொடவில்லை. உட்காரவும் இல்லை.

"செத்துப்போன சகோதரன் பேரு அழிஞ்சிடக் கூடாதுன்னு நியாயப்பிரமாணம் சொல்லுது. உன் மகனைக் குடு. ஞானஸ்நானம் குடுத்து, யோவேல் மகன்னு சொல்லி வளர்த்துக்கிறேன்."

"அப்ப நான் யாருப்பா?"

"நீ பெத்தவ. அவ்வளவுதான்."

எனக்கும் வேதம் தெரியும். அவர்கள் கொடுத்த வேதம்தானே. "சேசானுக்கு ஆம்பளப் பிள்ளையில்லை. மகளை யர்காங்குற எகிப்து வேலைக்காரனுக்குக் கட்டிவச்சாரு. அந்நியன்தான், அடிமைதான். ஆனா அந்த மக வயித்துலதானே வம்சம் அத்தாயில தொடங்கி அத்தனை தலைமுறை போகுது? நாளாகமத்துல இருக்கே. நீங்கதானேப்பா வாசிச்சுக் காட்டுனீங்க?"

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்கள். கண்ணில் அந்தப் பழைய பெருமை வந்ததுபோல்கூட எனக்குத் தோன்றியது. அற்பப் புத்தி, நான் நம்பினேன்.

"சேசான் தன் மகளைக் குடுத்தான்" என்றார்கள். "நீயாப் போன."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். மகனை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் என் வாசலுக்கு வரவும் இல்லை.

இப்போது அடக்கத்துக்கு வருகிறேன். பெட்டி இறங்கியாயிற்று. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முழுத் தோட்டத்துக்கும் வம்சம் சொன்னவருக்கு வம்சம் சொல்ல ஒரு ஆளில்லை. எழுதி வைக்கவும் விடவில்லையே! அருளப்பன் அண்ணன்தான் என்னிடம் வந்தார். "லேயா, நீதாம்மா சொல்லணும். வேற யாருக்கும் வராது."

போதகர் என் காதருகே குனிந்து, "உங்க பேரு, மகன் பேரு, ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. இன்னைக்காவது அது நடக்கட்டும்" என்றார். சித்தி அதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. நல்லபடியாக முடியப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழியோரம் போய் நின்றேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த மூக்கனில் ஆரம்பித்தேன். மூக்கன் பெற்றது சின்னான். சின்னான் பெற்றது ஆபிரகாம். ஆபிரகாம் பெற்றது தேவசகாயம். தேவசகாயம் பெற்றது ஞானமுத்து. அடுப்படியில் சொன்னதைப் போலவே, தடுமாறாமல் சொன்னேன்.

"ஞானமுத்து பெற்றது யோவேல். யோவேலுக்குப் பிள்ளை இல்லை."

நிறுத்தினேன். மண் போடச் சொல்லிக் கைகாட்டினேன்.

சித்தி ஓடி வந்து என் கையைப் பிடித்து உலுக்கினார். "அடிப்பாவி, உன் பேரைச் சொல்லுடி! புள்ளை பேரைச் சொல்லுடி! அந்த மனுசனை வாரிசில்லாம அனுப்பாதடி!"

"அவரு சொன்னதைத்தான் சித்தி சொன்னேன்" என்றேன். முதல் பிடி மண்ணை நானே போட்டேன். பெட்டிமேல் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சித்தி இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அப்பா, உங்கள் குழியில், நீங்கள் சொன்ன கணக்கிலிருந்து நான் ஒரு பேரையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. வாரிசில்லாதவனுக்கும் வேதத்தில் பேர் இருக்கிறது, அதுதான் கிருபை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கிருபையைத்தான் உங்களுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போங்கப்பா.