கனகு கிடந்த வரிசை

சேமக்காலையில் வேலை செய்கிறவனுக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் ஒருவருக்கும் மனம் வராது. வுப்பர்டாலுக்கு வெளியே, பஸ் திரும்பிப் போகும் இடத்தில் இருக்கிற ஒரு சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் பதினெட்டு வருடங்களாகப் புல் வெட்டுகிறேன், குழி வெட்டுகிறேன், சரிந்த கல்லை நிமிர்த்துகிறேன். உணவகங்களில் கோப்பை கழுவியவர்களே, முதியோர் இல்லங்களில் படுக்கை மாற்றியவர்களே, நீங்கள் படாத பாடு எதையும் நான் பட்டுவிடவில்லை. ஆனாலும் இதையெல்லாம் உங்களிடம் சொன்னால்தான் விளங்கும். ஜெர்மன்காரர் சொன்னவற்றையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மிச்சத்தைத் துண்டுப்பிரசுரங்கள் படிப்பித்தன. தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கிளாசிலும் எங்களுக்குப் போத்தலிலும் ஊற்றித் தந்த காலத்தில், அதே கிளாஸ் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு அடிவாங்கியவர்களில் நானும் ஒருவன். இன்னொருவன் கனகு. இருவரும் ஒரே ரோனியோ மெஷினில் பிரசுரம் அடித்துக் கையைக் கறுப்பாக்கியவர்கள்; ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கியவர்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகையில், அகதிகள் விடுதியில் நெஞ்சுச் சளி முற்றிக் கனகு செத்துப்போனான். எரிக்க வேண்டுமென்றால் உறவினரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஊருக்கு அடித்த தந்திக்குப் பதில் வரவில்லை. அதனால் இந்தச் சேமக்காலையின் மூன்றாம் பகுதியில், வரிசைக் குழியில் புதைத்தோம். அங்கே இருபத்தைந்து வருடம்தான் தவணை; பிறகு கல்லை எடுத்து நிலத்தை மட்டமாக்கிவிடுவார்கள். அது முடியும் ஆண்டு இரண்டாயிரத்து எட்டு. அவனுடைய கல்லை எப்படியாவது நிற்க வைத்துவிட வேண்டும் என்று நான் அலைந்தது அந்த ஆண்டில்தான்.

தள்ளிப் பார்க்கும் வேலை

பனிக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு கல்லறைக் கல்லையும் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆடினால் அதில் ஓர் அறிவித்தலை ஒட்ட வேண்டும். பூ வைக்க வந்த கிழவியின் மேல் கல் விழுந்து, கிழவியும் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எங்கள் ஊரில் முன்பு நாடா நெய்யும் ஆலை ஒன்று இருந்தது. அதன் முதலாளி குடும்பத்துக்கு வடக்குச் சுவர் முழுவதும் சொந்தம்: கறுப்புப் பளிங்கு, தலை குனிந்த தேவதை, மூன்று தலைமுறைப் பெயர்கள். ஆலையில் நெய்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேடினேன். ஒருவரும் இல்லை. அவர்கள் கிடந்த வரிசைகளை எப்போதோ அழித்துவிட்டு, வேறு ஆட்களைப் புதைத்து, அவர்களையும் அழித்தாயிற்று. கேட்பதற்கு ஆளில்லாமல் போயிருக்கும், என் தோழனுக்குக் கேட்பதற்கு நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு வசந்தத்தில் முதலாளியின் கல்லை இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். எங்கள் மேற்பார்வையாளன் ஹைன்ஸ், நல்ல மனிதன், மாணிக்கம் என்ற என் பெயரை மானியாக்கியவன், புகை விட்டபடி பார்த்துக்கொண்டு நின்றான். "மெதுவா, மானி. அந்தாள் செத்து நூறு வருசமாச்சு. நீ என்னதான் தள்ளினாலும் இனி வேலைநேரத்தைக் குறைக்கமாட்டார்."

பூவாளிக்குப் பூட்டு

தண்ணீர்க் குழாயடியில் ஒரு கம்பி இருக்கிறது. ஊர்ச் சனம் தங்கள் தங்கள் பூவாளியை அதில் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கும். ஒரே தேவாலயம், ஒரே குறிசுடும் கழகம், ஒரே பாடகர் குழு. ஆனால் பூவாளிகள் எல்லாம் தனித்தனிப் பூட்டில். பொதுவுடைமை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்தக் கம்பியைப் பார்த்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

அவற்றில் பச்சைப் பூவாளி திருமதி குரோனருடையது. எண்பது வயதுக்கு மேலே. வரிசைக் குழிகளில் செத்த ஒழுங்கில்தான் இடம். அவருடைய கணவரும் கனகுவும் ஒரே கிழமைக்குள் செத்ததால் பக்கத்துப் பக்கமாகக் கிடந்தார்கள். கனகுவின் இடத்தில் களை என்று முதல் வருடங்களில் மூன்று முறை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதியவர் அவர்தான். பிறகு என்ன நினைத்தாரோ, தன் பூவாளியில் மிஞ்சும் தண்ணீரை அவனுக்கும் ஊற்றத் தொடங்கினார். ஓர் இலையுதிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒவ்வோர் ஊதாப் பூச்செடி நட்டிருந்தார். நன்றி சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"என்ரை மனுசன் உயிரோடை இருக்கேக்கை பஸ்ஸிலை ஒரு வெளிநாட்டுக்காரனுக்குப் பக்கத்திலை இருக்கமாட்டார். இப்ப இருபது வருசத்துக்கு மேலை பக்கத்திலை படுத்திருக்கிறார், ஒரு முறைப்பாடும் இல்லை."

சுவரில் தொங்கிய புத்தகம்

ஆடி மாதம் மூன்றாம் பகுதிக் கற்களில் மஞ்சள் துண்டு ஒட்டச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். 'தவணை முடிகிறது, அலுவலகத்துடன் தொடர்புகொள்ளவும்.' கனகுவின் கல்லிலும் என் கையாலேயே ஒட்டினேன். 'தோழர்' என்று தமிழில் வெட்டிய எழுத்தை மறைக்காமல் கொஞ்சம் கீழே ஒட்டினேன். பிறகு கை கழுவி, நல்ல சட்டை போட்டு, நானே ஒட்டிய துண்டுக்குப் பதில் சொல்ல அலுவலகத்துக்குப் போனேன். தவணையை நீட்டக் கேட்கும் ஆன்ட்ராக் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டு போயிருந்தேன். கிழமைக்கு ஒரு குடும்பமாவது அதை நிரப்பிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அலுவலகப் பெண் அதைத் தொடவே இல்லை. நீட்டலாம் என்பது, குடும்பங்கள் தாங்களே தெரிந்தெடுத்து வாங்கும் இடங்களுக்கு மட்டும்தானாம். வரிசைக் குழியை ஒருவராலும் நீட்ட ஏலாது, எந்தக் காலத்திலும் ஏலாது. அந்தப் பகுதியின் எழுபது கற்களும் போகும். நான் குரலை உயர்த்தினேன். ஏழைகளை இரண்டாம் முறை புதைக்கிற சட்டம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இந்த வரிசையை அவனுக்குத் தெரிந்தெடுத்தது யார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

தெரிந்தெடுத்தது நான். கனகு செத்த மூன்றாம் நாள் பாலா அண்ணை என்னைத் தேடி வந்தார். இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு எல்லாக் காரியத்திலும் முன்னுக்கு நிற்பவர். எங்களுக்குப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிய கடைக்காரரின் மகன். சனத்திடம் சேர்த்து, கனகுவுக்கென்று சொந்தமாக ஓர் இடம் வாங்குவோம் என்றார். "உங்கடை வாசலுக்குள்ளை வராமலே செத்தவன், உங்கடை காணியிலை கிடக்கமாட்டான். தொழிலாளியளோடை வரிசையிலைதான் கிடப்பான்" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. அதையே துண்டுப்பிரசுரமாக எழுதி, இருநூறு பிரதி அடித்து விடுதி விடுதியாகக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுதான் நன்றாக வந்தது என்று நெடுநாள் பெருமைப்பட்டேன்.

நான் எழுந்தபோது அலுவலகப் பெண் சொன்னாள்: "விதிமுறைப் புத்தகம் உங்கடை சாப்பாட்டு அறைச் சுவரிலைதானே தொங்குது, ஹெர் மாணிக்கம். பதினாறு வருசத்திலை ஒருநாளும் திறந்து பாக்கேல்லையோ?"

பாலா அண்ணையின் தொலைபேசி

ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. உறவினர் ஒருவர் கையெழுத்திட்டால், குழியில் மிஞ்சியிருப்பதை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். கனகுவுக்கு இருந்தது ஓர் அக்கா மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் இருந்தார். அங்கே ஆட்களைத் தேடிப் பிடிக்கக்கூடிய தொடர்பு எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அவருடன் நான் இருபத்தைந்து வருடமாகப் பேசவில்லை.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் தேவாலய மண்டபத்துக்குப் போனேன். பாலா அண்ணை கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை ஒரு கதிரையைக் கையில் பிடித்தபடியே நின்றார். பழசை எடுத்துக் குத்துவார் என்று நினைத்துப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் அக்காவின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் அடித்துப் பார்த்தார். எனக்குத் தெரியும், பாதி நாள் அவர் வீட்டில் நானும் பக்கத்தில் இருந்தேன். அவருடைய மனைவி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், கிளாசில். அண்ணையும் நானும் அந்தக் கிளாசைப் பார்த்தோம். நான் குடித்தேன்.

ஐப்பசி முடியும்போது, போர் கிளிநொச்சியை நெருங்கிய நாளில், அவர் ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு லைனும் போகுதில்லை, தோழர். சனம் முழுக்கக் கிழக்காலை ஓடுது. அங்கை உயிரோடை இருக்கிறவையையே கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு, நாங்கள் இஞ்சை செத்தவனுக்குக் கையெழுத்துத் தேடுறம்."

துக்க ஞாயிறு

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, போரில் செத்தவர்களுக்காக ஊரே சேமக்காலைக்கு வரும். மேயர், தீயணைப்புத் தொண்டர்கள், பச்சைச் சீருடையில் குறிசுடும் கழகம், குளிரில் உதடு ஒட்டிய ஊதுகுழல்காரர். முதலில் போர்வீரர்களின் கற்களுக்கு மாலை. பிறகு வேலியோரம் இருபது சிறிய சிலுவைகளுக்கு இன்னொரு மாலை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிடித்து வந்து, அதே ஆலையில் பரசூட்டுக்கு நாடா நெய்ய வைத்துச் சாகடித்த பிள்ளைகள் அவர்கள். அதிகம் பெண்கள், இருபது வயதுகூட ஆகாதவர்கள். இந்தச் சிலுவைகளை மட்டும் நாங்கள் தொடவே முடியாது. காலம் முழுக்க அரசாங்கச் செலவில் பராமரிக்க வேண்டும் என்று சட்டம்.

அது சரியான சட்டம். எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. இருந்தாலும் மாலையைச் சுமந்து வந்த கைகளைத் தேய்த்துக்கொண்டு ஹைன்ஸிடம் கேட்டேன், இவர்களுக்கு மட்டும் ஏன் தவணை இல்லை என்று. அவனுடைய தாயும் மூன்றாம் பகுதியில்தான் கிடந்தாள். அவன் இசை முடியும் வரை காத்திருந்தான்.

"இவையை நாங்கள் கொன்றனாங்கள், மானி. தானாகச் செத்தவைக்கு இருபத்தைஞ்சு வருசம்தான்."

திங்கட்கிழமை

அடுத்த ஞாயிறு இறந்தவர்களின் நாள். குடும்பங்கள் வந்து கடைசியாக மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் காலை மண் தள்ளும் சின்ன இயந்திரத்தைக் கொண்டுவந்தோம். ஹைன்ஸ் எனக்கு லீவு தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவன் தன் தாயின் கல்லைத் தானே தூக்கினான், நான் ஒரு பக்கம் பிடித்தேன். கனகுவின் கல்லை நான் தூக்கினேன், அவன் ஒரு பக்கம் பிடித்தான். உறவினர் வராத கற்கள் அரைக்கப் போகும். போன முறை அரைத்து வந்ததை, முதலாளி குடும்பத்தின் சுவருக்குப் போகும் பாதையில்தான் கொட்டினோம். மழைக்கு அந்தப் பாதை வழுக்குகிறது என்று முறைப்பாடு இருந்தது.

திருமதி குரோனர் செடிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார், இரண்டையும். போகும் வழியில் குழாயடியில் நின்று தன் பச்சைப் பூவாளியின் பூட்டைக் கழற்றினார். பூவாளியை அங்கேயே விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து மணி போலப் பாலா அண்ணை வந்தார். கல் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மடிப்புகளில் கிழிந்திருந்தது, ரோனியோ மை பழுப்பேறியிருந்தது. என்னுடைய துண்டுப்பிரசுரம். என்னிடம்கூட ஒரு பிரதி இல்லை. அதில் திட்டு வாங்கியவர் இருபத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். சேற்றுக் கையோடு வாங்கி வாசித்தேன். இப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

"வடிவா எழுதியிருக்கிறீர், தோழர். வரிசையிலை கிடப்பான் எண்டு எழுதினீர். எவ்வளவு காலத்துக்கு எண்டுதான் எழுதேல்லை."

இந்த ஊருக்கு நான் கொண்டுவந்து சேர்த்த ஒரே சமத்துவம் மூன்றாம் பகுதியில் கல்லில்லாத சமதரையாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் அதன் மேல் புல் வெட்டுகிறவனும் நான்தான்.